ஹெவி லைசென்ஸ் இல்லாம பெங்களூர் பஸ் வேலைக்குக் கிளம்பலாமா?

தேனி பக்கத்துல இருந்து ஒரு தம்பி கடிதம் போட்டிருக்காரு. வயசு 24, 2022ல கார் லைசென்ஸ் எடுத்தவரு, அதுல இருந்து ஊர்ல ஒரு முதலாளிகிட்ட பொலிரோ பிக்கப் ஓட்டிட்டு இருக்காரு. பெங்களூர்ல ஐடி கம்பெனிங்களுக்கு ஸ்டாஃப் பஸ் விடற ஒரு கான்ட்ராக்டர்கிட்ட சொந்தக்காரர் மூலமா வேலை பேசியாச்சு, தங்க இடம் உண்டு, சம்பளம் இங்க வாங்கறத விட நல்லாவே கூட. ஆனா ஓட்ட வேண்டியது 40 சீட் பஸ், தம்பிகிட்ட ஹெவி இல்ல. கான்ட்ராக்டர் "ரெண்டு வாரத்துல வந்து சேரு, இங்க நம்ம ஏஜென்ட் இருக்காரு, முப்பதாயிரம் குடுத்தா டெஸ்ட் இல்லாம ஹெவி கார்டு கைக்கு வந்துரும், அது வர்ற வரைக்கும் எல்எல்ஆர் வச்சு ஓட்டிக்கலாம்"னு சொல்றாராம். அந்தப் பணத்துக்கு அம்மா தன்னோட செயினை அடகு வைக்கவும் தயாரா இருக்காங்களாம். "அண்ணே, இப்பவே போயிரட்டுமா, இல்ல இங்கயே எடுத்துட்டுப் போகட்டுமா, இங்க எடுத்தா கர்நாடகால செல்லுமா"ன்னு கேட்டிருக்காரு.

தம்பி, முதல்ல அம்மா செயின் கழுத்துலயே இருக்கட்டும். அந்த முப்பதாயிரம் குடுக்காதீங்க. இத நான் ஒரு யோசனையா சொல்லல, ஹெவி சொல்லிக் குடுக்கறதே தொழிலா இருக்கறவன்ங்கற முறைல கெஞ்சிக் கேட்டுக்கறேன்.

இப்ப ஒவ்வொண்ணா வருவோம். உங்க கடைசிக் கேள்விக்கு பதில் ரொம்பச் சின்னது, செல்லும். மோட்டார் வாகனச் சட்டம் 1988 பிரிவு 13 அதத்தான் சொல்லுது, இந்தியால எந்த ஊர் ஆர்டிஓ குடுத்த லைசென்ஸா இருந்தாலும் நாடு முழுக்கச் செல்லும். தேனில எடுத்த ஹெவிய வச்சு பெங்களூர்லயும் ஓட்டலாம், டெல்லிலயும் ஓட்டலாம். நிறைய பேர் இத வண்டி ஆர்சியோட போட்டுக் குழப்பிக்கறாங்க, வேற மாநிலத்துல 12 மாசத்துக்கு மேல வச்சிருந்தா வண்டியத்தான் அந்த மாநில ரெஜிஸ்ட்ரேஷனுக்கு மாத்தணும், லைசென்சுக்கு அப்படி எதுவும் கிடையாது. அங்க போய் செட்டில் ஆன பிறகு அட்ரஸ் மாத்தணும்னு தோணுச்சுன்னா அரசாங்கத்தோட பரிவாகன் சைட்ல, லைசென்ஸ் வேலைக்குன்னு இருக்கற சாரதி பக்கத்துல மாத்திக்கலாம், ரினியூவல் வரும்போதும் அங்க இருக்கற ஆர்டிஓலயே பண்ணிக்கலாம். ஆனா ஒண்ணு, இங்க ஒண்ணு அங்க ஒண்ணுன்னு ரெண்டு லைசென்ஸ் மட்டும் எந்தக் காலத்திலயும் வச்சுக்காதீங்க, பிரிவு 6 படி ஒரு ஆளுக்கு ஒரு லைசென்ஸ்தான். அந்த ஏஜென்ட் "புதுசாவே ஒரு கார்டு போட்டுர்றேன்"னு சொன்னா நீங்க இந்தச் சட்டத்துலயும் போய் மாட்டுவீங்க.

அடுத்தது எடை, இதத்தான் ரொம்ப பேர் பாக்கறதே இல்ல. நீங்க வச்சிருக்கறது எல்எம்வி, அதாவது கார் மாதிரி லைட் வண்டிக்கான லைசென்ஸ். 2024 நவம்பர் 6ஆம் தேதி சுப்ரீம் கோர்ட்ல அஞ்சு நீதிபதிகள் பெஞ்ச் ஒரு தீர்ப்பு குடுத்துச்சு, எல்எம்வி லைசென்ஸ் இருக்கறவங்க மொத்த எடை 7500 கிலோவுக்கு உள்ள இருக்கற டிரான்ஸ்போர்ட் வண்டிய, அதாவது எல்லோ போர்டு வண்டிய, தனியா டிரான்ஸ்போர்ட் எண்டார்ஸ்மென்ட் இல்லாமலே ஓட்டலாம்னு. நீங்க இப்ப ஓட்டற பொலிரோ பிக்கப் எல்லாம் அதுக்குள்ள வந்துருது. இன்சூரன்ஸ் கம்பெனிங்க வருஷக்கணக்கா இத வச்சுத்தான் கிளெய்ம்ல தகராறு பண்ணிட்டு இருந்தாங்க, அது முடிஞ்சுது. ஆனா 40 சீட் பஸ் அந்த எடைய தாண்டிரும். வண்டி ஆர்சில கிராஸ் வெயிட்னு ஒரு எண் இருக்கும், வண்டி எடையும் ஆள் லோடும் சேர்த்த மொத்தம் அது. கான்ட்ராக்டர்கிட்ட ஆர்சி போட்டோ வாட்ஸ்அப்ல அனுப்பச் சொல்லி அந்த எண்ணப் பாருங்க, வெறும் வண்டி எடைன்னு பக்கத்துலயே இன்னொரு எண் இருக்கும், அதப் பாத்து ஏமாந்துராதீங்க. 7500க்கு மேலன்னா டிரான்ஸ்போர்ட் லைசென்ஸ், அதாவது நாம ஹெவின்னு சொல்றது, இல்லாம நீங்க அந்த சீட்ல உக்காரவே கூடாது.

எல்எல்ஆர் வச்சு ஓட்டிக்கலாம்னு சொல்றதுதான் எனக்கு ரொம்பக் கோவம் வர்ற விஷயம். எல்எல்ஆர் கத்துக்கறதுக்குக் குடுக்கற பேப்பர். பக்கத்துல ஹெவி லைசென்ஸ் இருக்கற சொல்லிக் குடுக்கற ஆள் உக்காந்திருக்கணும், வண்டில எல் போர்டு இருக்கணும். நைட் ஷிஃப்ட் முடிச்சு தூங்கிட்டு வர்ற நாப்பது பேரை வீட்டுல இறக்கி விடறதுக்கு அந்தப் பேப்பர் இல்ல. பிடிச்சா பிரிவு 181 படி 5000 ரூபாய் அபராதம் இல்லன்னா மூணு மாசம் வரைக்கும் ஜெயில், ரெண்டும் கூட விழலாம், வண்டிய குடுத்த ஓனருக்கும் தனி கேஸ் இருக்கு. அபராதம் கூட கட்டிட்டு வந்துரலாம் தம்பி, ஒரு ஆக்சிடென்ட் ஆச்சுன்னா என்ன நடக்கும்னு யோசிங்க. அடிபட்டவங்களுக்கு இன்சூரன்ஸ் கம்பெனி பணத்தக் கட்டிட்டு, டிரைவருக்கு சரியான லைசென்ஸ் இல்லன்னு சொல்லி அந்தப் பணத்த ஓனர்கிட்ட இருந்து திருப்பி வசூல் பண்ணும், கோர்ட் பாஷைல இத பே அண்ட் ரெகவர்னு சொல்லுவாங்க. லட்சக்கணக்குல நோட்டீஸ் வர்ற அன்னைக்கு "இவன் லைசென்ஸ் இருக்குன்னு சொல்லித்தான் சேர்ந்தான்"னு அதே கான்ட்ராக்டர் உங்களக் கை காட்டுவாரு. உயிர் போயிருந்தா கிரிமினல் கேஸ் உங்க பேர்லதான். "வா பாத்துக்கலாம்"னு போன்ல சொன்னவர் அந்த நேரத்துல ஸ்டேஷனுக்கு வருவாரான்னு நீங்களே யோசிச்சுப் பாருங்க.

டெஸ்ட் இல்லாம வர்ற கார்டு பத்தியும் சொல்லிர்றேன். அதுல ரெண்டு வகை இருக்கு. ஒண்ணு முழுக்கப் போலி, பரிவாகன் சைட்ல லைசென்ஸ் நம்பரும் பிறந்த தேதியும் போட்டா ஒண்ணும் வராது, பெரிய கம்பெனிங்க டிரைவரச் சேர்க்கறதுக்கு முன்னாடி இதத்தான் முதல்ல தட்டிப் பாப்பாங்க. இன்னொண்ணு சைட்ல வரும், ஆனா நீங்க ஒரு நாள் கூட குடியிருக்காத ஏதோ ஒரு ஊர் அட்ரஸ்ல, போகாத டெஸ்டுக்குப் போனதா எழுதி வாங்கினது. பொய் சொல்லி எடுத்ததுன்னு தெரிஞ்சா பிரிவு 19 படி அந்த லைசென்ஸ ரத்து பண்ணலாம், உங்களக் கொஞ்ச காலம் லைசென்ஸே எடுக்க முடியாம தகுதி நீக்கமும் பண்ணலாம். அப்ப ஹெவி மட்டும் போகாது, இன்னைக்கு சோறு போடற கார் லைசென்சும் சேர்ந்து போகும்.

சரி, நேர் வழில எவ்வளவு நாள் ஆகும்? உங்க விஷயத்துல தகுதி எல்லாம் ஏற்கனவே இருக்கு, அதான் எனக்கு சந்தோஷம். டிரான்ஸ்போர்ட்டுக்கு 20 வயசு முடிஞ்சிருக்கணும், உங்களுக்கு 24. எல்எம்வி எடுத்து ஒரு வருஷம் ஆகியிருக்கணும், ஆச்சு. எட்டாவது பாஸ் வேணும்னு முன்ன ஒரு விதி இருந்துச்சு, அத 2019லயே எடுத்துட்டாங்க, உங்க கடிதத்துல ஸ்கூல் படிப்பப் பத்தி கொஞ்சம் தயங்கி எழுதியிருக்கீங்க, அந்தத் தயக்கமே வேணாம். எல்எல்ஆர் போட்டா குறைஞ்சது 30 நாள் கழிச்சுத்தான் டெஸ்டுக்குப் போக முடியும், எல்எல்ஆர் ஆறு மாசம் செல்லும். டெஸ்ட் தேதி கிடைக்கறது, கார்டு வர்றது எல்லாம் சேர்த்துப் பாத்தா ரெண்டு மாசம்னு மனசுல வச்சுக்கங்க. ரெண்டு வாரத்துல நேர்மையா ஹெவி எடுக்கவே முடியாது, அத முடியும்னு சொல்றவர் எதையோ மறைக்கறாருன்னு அர்த்தம்.

எங்க எடுக்கறதுன்னா, தேனிலயே எடுங்க. உங்க ஆதார் அட்ரஸ் இங்க இருக்கு, பழைய லைசென்ஸ் இங்க இருக்கு, சாப்பாடு வீட்டுல, காலைல கிளாஸ் போயிட்டு மதியம் பிக்கப் ஓட்டி சம்பளமும் வாங்கிக்கலாம். பெங்களூர் போயிட்டு அங்க எடுக்கணும்னா முதல்ல அங்க இருக்கறதுக்கு ஒரு அட்ரஸ் ப்ரூஃப் வேணும், கான்ட்ராக்டர் குடுக்கற ரூம்ல பத்து பேரோட தங்கறவருக்கு வாடகை அக்ரிமென்ட் யார் போட்டுக் குடுப்பா? வாரத்துல ஆறு நாள் ஷிஃப்ட் பாத்துட்டு கிளாஸ்க்கு எப்ப போவீங்க? அதனாலதான் அங்க போய் எடுத்துக்கறேன்னு கிளம்பற பசங்க கடைசில ஏஜென்ட் கைலயே போய் விழறாங்க.

எல்எல்ஆர் போடறதுக்கு முன்னாடி கண் டெஸ்ட் பண்ணிருங்க. டிரான்ஸ்போர்ட்டுக்கு டாக்டர் கையெழுத்துப் போட்ட 1ஏ மெடிக்கல் ஃபார்ம் கட்டாயம், அதுல 25 மீட்டர் தூரத்துல இருக்கற கார் நம்பர் பிளேட்ட பகல் வெளிச்சத்துல படிக்க முடியுதான்னு கேள்வி இருக்கு, கண்ணாடி போட்டுப் படிச்சாலும் சரிதான். பசங்க நிறைய பேருக்கு பவர் இருக்கறதே தெரியாது, நைட்டு எதிர்ல வர்ற லைட் கூசுதுன்னு சொல்லிட்டே ஓட்டுவாங்க. நீங்க ஓட்டப் போறது பெரும்பாலும் நைட் டிரிப், அதனால ஃபார்முக்காக இல்ல, உங்களுக்காகவே நல்ல கண் டாக்டர்கிட்ட பாத்துருங்க.

அப்புறம் சாரதில போய் இருக்கற லைசென்ஸோட டிரான்ஸ்போர்ட் கிளாஸ் சேர்க்கறதுக்கு எல்எல்ஆர் அப்ளை பண்ணுங்க. மத்திய அரசு விதில இருக்கற ஃபீஸ் எல்எல்ஆருக்கு 150, டெஸ்டுக்கு 300, புது கிளாஸ் சேர்க்க 500, அதுக்கு மேல கார்டு, சர்வீஸ் சார்ஜ்னு கொஞ்சம் வரும், அவ்வளவுதான். பெரிய செலவு டிரைவிங் ஸ்கூலுக்குத்தான், ஏன்னா டிரான்ஸ்போர்ட்டுக்கு ஸ்கூல் குடுக்கற ஃபார்ம் 5 சர்டிபிகேட் இல்லாம டெஸ்டுக்குப் போக முடியாது. பயணிகள் வண்டிக்கு பேட்ஜ் வேணும்னு கான்ட்ராக்டர் கேட்டாருன்னா அதையும் அதே அலைச்சல்லயே ஆர்டிஓ கவுன்டர்ல கேட்டு முடிச்சுருங்க, தனியா ஒரு தடவ லீவ் போட்டு ஊருக்கு வர வேண்டியிருக்காது.

ஸ்கூல் தேர்ந்தெடுக்கறதுல கொஞ்சம் நிதானமா இருங்க. போன உடனே ஃபீஸ் எவ்வளவுன்னு கேக்காதீங்க. வண்டி என்ன வண்டி, ஏர் பிரேக்கா, எத்தனை பசங்க ஒரு வண்டில ஏறுவாங்க, மொத்தத்துல ஸ்டியரிங் என் கைல எத்தனை மணி நேரம் இருக்கும்னு கேளுங்க. அதுக்கு நேரா பதில் சொல்றவங்ககிட்ட சேருங்க. "நீங்கதான் பிக்கப் ஓட்டறீங்களே, சும்மா வந்து கையெழுத்து போட்டுட்டுப் போங்க"ன்னு சொல்ற இடம் வேணாம். வெளியூர் போய் தங்கிக் கத்துக்க முடியும்னா கும்மிடிப்பூண்டில இருக்கற ஐஆர்டி (இன்ஸ்டிடியூட் ஆஃப் ரோடு டிரான்ஸ்போர்ட்) டிரைவர் பயிற்சிப் பள்ளி, நாமக்கல்ல இருக்கற அசோக் லேலண்ட் டிரைவர் டிரெய்னிங் சென்டர் மாதிரி இடங்கள்லயும் விசாரிச்சுப் பாருங்க, அங்க படிச்ச சர்டிபிகேட் இருந்தா கம்பெனில மதிப்பு இருக்கும்.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்றேன்னா, பிக்கப் நல்லா ஓட்டறவங்கதான் பஸ்ல முதல்ல தடுமாறுவாங்க, கை பழகிருக்கறதால. பஸ்ல உங்க சீட்டு முன் சக்கரத்துக்கும் முன்னாடி இருக்கு, பிக்கப்ல திருப்பற அதே இடத்துல பஸ்ஸோட ஸ்டியரிங்க ஒடிச்சீங்கன்னா மூக்கு திரும்பிரும், ஆனா பின் சக்கரம் உள்பக்கமா இழுத்து பிளாட்பாரத்துல ஏறிரும், ஓரத்துல பைக்ல ஒருத்தர் நின்னாருன்னா அவர் மேலயே ஏறும். அதனால மூக்க தாண்ட விட்டு, உள்பக்கக் கண்ணாடில பின் டயரப் பாத்துக்கிட்டே ஒடிக்கணும். அதே சமயம் பின் சக்கரத்துக்குப் பின்னாடி நீட்டிட்டு இருக்கற வால் பக்கம் எதிர்ப்பக்கமா வீசும், அதுக்கு இன்னொரு கண்ணாடி. இந்த ரெண்டு கண்ணாடியும் மாறி மாறி பாக்கற பழக்கம் வர்றதுக்கே சில பேருக்கு ரெண்டு வாரம் ஆகும், அது டெஸ்ட் இல்லாம வாங்கற கார்டுல வராது.

ஏர் பிரேக்கும் அப்படித்தான். காலைல ஸ்டார்ட் பண்ண உடனே எடுக்கக் கூடாது, டேஷ்போர்டுல ஏர் முள் ஏறணும், பஸர் நிக்கணும், அப்புறம்தான் ஹேண்ட் பிரேக்க விடணும். இறக்கத்துல பிரேக்க மிதிச்சு மிதிச்சு விட்டா ஏரும் இறங்கும், டிரம்மும் சூடாகிப் பிடிக்காமப் போகும், கியர் இறக்கித்தான் வரணும். தேனிக்காரர் உங்களுக்கு போடிமெட்டு, குமுளி மலை தெரியும், அங்க லாரிக்காரங்க செகண்ட்ல முனகிக்கிட்டே இறங்கறதப் பாத்திருப்பீங்க, அது வண்டிக்கு முடியாம இல்ல, டிரைவர் தெரிஞ்சு செய்யறது. டெஸ்ட்லயும் மேட்டுல நிறுத்தி பின்னாடி உருளாம எடுக்கறது, ரிவர்ஸ் எல்லாம் பாப்பாங்க. ஒரு தடவ போச்சுன்னா மனசு விட வேணாம், மறுபடி போகலாம், மூணு தடவ போனாத்தான் 60 நாள் காத்திருக்கணும்.

கார்டு வந்ததும் தேதியெல்லாம் நல்லா பாருங்க. செல்லுபடி தேதி ரெண்டா இருக்கும், ஒண்ணு என்டி, அது உங்க கார் பைக்குக்கு, இன்னொண்ணு டிஆர், அதுதான் டிரான்ஸ்போர்ட், அஞ்சு வருஷம்தான். என்டி தேதிய பாத்துட்டு இன்னும் நிறைய வருஷம் இருக்குன்னு நினைச்சு டிஆர் முடிஞ்சு போனது தெரியாமலே பஸ் ஓட்டறவங்கள நான் நிறைய பாத்திருக்கேன். முன்ன முடிஞ்ச பிறகு 30 நாள் சலுகை இருந்துச்சு, 2019 திருத்தத்துல அது போயிருச்சு, முடிஞ்ச மறுநாளே உங்ககிட்ட லைசென்ஸ் இல்லன்னுதான் கணக்கு. முடியறதுக்கு ஒரு வருஷம் முன்னாடில இருந்தே ரினியூவல் போடலாம், முடிஞ்சு ஒரு வருஷம் தாண்டிட்டா மறுபடி டெஸ்ட். அந்தத் தேதிய போன்ல அலாரமாவே போட்டு வச்சுருங்க.

இனி கான்ட்ராக்டர்கிட்ட என்ன பேசறதுன்னு வருவோம். வேலைய விட்டுருங்கன்னு நான் சொல்லல. நேராவே சொல்லுங்க, "அண்ணே, எனக்கு இந்த வேலை கண்டிப்பா வேணும், ஹெவி ஊர்லயே முறையா எடுத்துட்டு ரெண்டு மாசத்துல வந்துர்றேன், எல்எல்ஆர் போட்டதும் காப்பி அனுப்பறேன்"னு. ஹெவி டிரைவர் கிடைக்கறது அவருக்கும் அவ்வளவு சுலபம் இல்ல, நல்ல ஆளா இருந்தா காத்திருப்பாரு. ரெண்டு வாரத்துக்குள்ள வரலன்னா வேலை இல்லன்னு சொன்னாருன்னா லைசென்ஸ் இல்லாத ஆள வச்சு பஸ் விடறதுதான் அவர் வழக்கம்னு புரிஞ்சுக்கங்க, அப்படிப்பட்டவர்கிட்ட சம்பளமும் சரியா வராது.

வீட்டுல பணம் ரொம்ப நெருக்கடின்னா இன்னொரு வழியும் இருக்கு. ஸ்டாஃப் டிரிப் எடுக்கறவங்ககிட்ட பெரும்பாலும் டெம்போ டிராவலர், காரும் இருக்கும், 7500 கிலோவுக்கு உள்ள இருக்கற வண்டியா ஆர்சில பாத்து அதுக்கு டிரைவரா இப்பவே போய்ச் சேரலாம், உங்க எல்எம்வியே போதும். எனக்கு என்னமோ இது ரெண்டாவது வழிதான், ஏன்னா ஒரு நாள் நைட்டு ரெண்டு மணிக்கு பஸ் டிரைவர் வரலன்னு சொல்லி சாவிய உங்க கைல குடுப்பாங்க, "பக்கத்துலதான், ஒரு டிரிப் மட்டும்"னு சொல்லுவாங்க, புது ஊரு, தெரிஞ்சவங்க யாரும் இல்ல, அந்த நேரத்துல முடியாதுன்னு சொல்றது கஷ்டம். சொல்ல முடியும்னு உங்களுக்கு நம்பிக்கை இருந்தா போங்க, ஆனா கிளம்பறதுக்கு முன்னாடி தேனில எல்எல்ஆரப் போட்டுட்டு, ஸ்கூல் கிளாஸுக்கும் டெஸ்டுக்கும் லீவ் தருவேன்னு அவர்கிட்ட வாட்ஸ்அப்ல எழுதியே வாங்கிட்டுப் போங்க.

எந்த வழில போனாலும் வேலை நேரத்த முன்னாடியே கேட்டுருங்க. முன்ன மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் 1961 ஒரு நாளைக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம்னு வச்சிருந்துச்சு, 2025 நவம்பர்ல அதுக்குப் பதிலா வந்த புது தொழிலாளர் சட்டத்துலயும் ஒரு நாளைக்கு 8 மணி நேரம்தான். காலைல ஆளுங்கள ஏத்திட்டு வர ஒரு டிரிப், நைட்டு இறக்கி விட ஒரு டிரிப்னு நடுவுல பஸ்லயே படுத்துக்கச் சொல்ற இடங்கள் இருக்கு, தூங்க ஒரு கட்டிலும் ஃபேனும் உண்டான்னு கூச்சப்படாம கேளுங்க. பிஎஃப், இஎஸ்ஐ பிடிக்கறாங்களான்னும் கேட்டுக்கங்க.

தேனில எந்த ஸ்கூல்ல சேரறதுன்னு ரெண்டு மூணு இடம் பாத்துட்டு, அவங்க வண்டி என்ன, எத்தனை மணி நேரம் தர்றாங்கன்னு எனக்கு எழுதுங்க, எது சரியா வரும்னு பாத்துச் சொல்றேன்.